மீன்தொட்டிக்குப் பழைய நிலைமரத்தில் ஒரு ஸ்டாண்டு

மீன்தொட்டி வாங்குகிறவர்கள் கண்ணாடி, மோட்டார், விளக்கு, செடி என்று ஒவ்வொன்றுக்கும் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். இத்தனையும் எதன்மேல் உட்காரப் போகிறது என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வரும். சென்னையில் கொளத்தூர் பக்கம் தொட்டி வாங்கினால் இரும்பு ஆங்கிளில் பற்றவைத்த ஸ்டாண்டையும் கையோடு வாங்கிவிடலாம். அது எடை தாங்காது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே தாங்கும். ஆனால் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் சிந்துகிற துளிகள் பற்றவைத்த மூலைகளில் தங்கி, பெயின்டுக்கு அடியில் துருவாகிப் பொரிந்து, சில ஆண்டுகளில் தரை டைல்ஸில் அழியாத பழுப்புக் கறையை விட்டுவிடும். கூடத்தில் நடுநாயகமாக நிற்கப் போகிற ஒரு பொருளுக்கு மரமே தகும் என்பது என் எண்ணம். மரத்தில் செய்வதற்குத் தச்சு வேலை முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பது தெரிந்தால் போதும்.

முதலில் எடையைக் கணக்கிட வேண்டும். என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28.3 கிலோ. விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை. மேலே 2 அங்குலம் விட்டால் 8 கன அடி மிஞ்சும். அடியில் 2 அங்குல உயரத்துக்குச் சரளை பரப்பினால் அதில் ஒரு கன அடி போய்விடும். ஆனால் அந்த ஒரு கன அடி, கல்லும் இடுக்குகளில் நிற்கும் தண்ணீருமாகச் சேர்ந்து 55 கிலோவைத் தொடும். மீதமுள்ள 7 கன அடித் தண்ணீர் 198 கிலோ. கண்ணாடி 10 மில்லிமீட்டர் கனம். சதுர மீட்டருக்கு 25 கிலோ வீதம் ஐந்து பக்கத்துக்கும் 52 கிலோ. மூடி, விளக்கு, அலங்காரக் கல், மரக்கட்டை ஆகியவற்றுக்கு 20 கிலோ வைத்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 325 கிலோ. வளர்ந்த ஆட்கள் ஐந்து பேர் ஒரே இடத்தில் இரவும் பகலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் எடை இது.

இந்த எண்ணைக் கேட்டதும் பெரும்பாலோர் தரையைப் பற்றிக் கவலைப்படுவார்கள். ஸ்டாண்டின் எடையையும் சேர்த்து 370 கிலோ, 6 சதுர அடியில் இறங்கும்போது சதுர மீட்டருக்கு 660 கிலோ ஆகிறது. குடியிருப்பு அறைகளுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875 சொல்லும் சுமையோ சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பகீரென்றிருக்கும். ஆனால் 200 கிலோ என்பது அறை முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று அந்தக் கணக்கில் 2200 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். ஆகவே ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளத்தில் சுவரை ஒட்டி, முடிந்தால் உத்தரத்துக்கு நேர் மேலே வைத்தால், இந்த அளவுத் தொட்டி பொதுவாகத் தொல்லை தராது. அறையின் நடுவிலும், சுவரைத் தாண்டி வெளியே நீட்டிய பால்கனியிலும் வைக்கக் கூடாது. மரவிட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் மாடி என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தொட்டியை ஏற்றவே கூடாது. இன்னொரு சிறு சோதனையும் உண்டு. கால்கள் நிற்கப் போகும் இடத்தில் டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும்; டொக்டொக்கென்று வெற்றொலி வந்தால் அடியில் கலவை பிடிக்கவில்லை என்று பொருள். அந்த டைல்ஸ் என்றாவது ஒரு நாள் விரியும்.

தரைக்கு அடுத்து மரம். 325 கிலோவுக்குப் பயந்து தூண் தூணாகக் கால் வைக்கிறார்கள், அது தேவையற்றது. நன்கு உலர்ந்த கெட்டி மரம் தன் இழையின் போக்கில் அழுத்தப்படும்போது வியக்கத்தக்க வலிமை உடையது. சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ என்று மிகவும் கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும், இரண்டரை அடி உயரமுள்ள 2×2 அங்குலக் கால் ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் தாங்கிவிடும். ஸ்டாண்டு உடைந்த கதைகளை விசாரித்துப் பார்த்தால், கால் நசுங்கியதால் உடைந்ததாக ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. மூட்டு விட்டிருக்கும்; அல்லது சட்டகம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும்; அல்லது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை தண்ணீர் குடித்து உப்பியிருக்கும்.

நான் புது மரம் வாங்கவில்லை. மரவாடியில் கன அடிக் கணக்கில் விற்கும் புது மரம் பெரும்பாலும் முழுதாகக் காய்ந்திருப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அது காயும்போது முறுக்கிக்கொள்ளும். இடித்த வீடுகளின் நிலை, கதவு, சன்னல்களை வாங்கி விற்கும் கடைகளில் ஐம்பது அறுபது ஆண்டு காய்ந்த சட்டங்கள் கிடைக்கின்றன. அதற்குமேல் முறுக்க வேண்டியதை அவை எப்போதோ முறுக்கி முடித்துவிட்டன. அந்தக் கடைகளில் பழுப்பாக இருக்கும் எல்லா மரமும் பர்மா தேக்குதான். “சார், இது அசல் பர்மா, கண்ணை மூடிட்டு எடுங்க” என்று கடைக்காரர் சொன்னபோது கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டேன். ஓரத்தில் இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: தேக்காக இருந்தால் பொன்பழுப்பு நிறமும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பசையும், தோல் பதனிட்டதுபோன்ற ஒரு வாசனையும் வரும். நான் எடுத்த நான்கு நிலைக்கால்களில் மூன்று தேக்கு, ஒன்று வேங்கை. ஸ்டாண்டுக்கு இரண்டும் ஒன்றுதான்; பாலிஷ் போட்ட பிறகு நிற வேறுபாட்டைக் கண்டுபிடிப்பவர் யாருமில்லை.

பழைய மரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தரைக்குள் புதைந்திருந்த அடிப்பகுதியில் கறையான் புகுந்திருக்கும். மேலே பளபளப்பாக இருந்தாலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் சட்டென்று உள்ளே போய்விடும். அந்த ஓரடியை அறுத்துத் தள்ளிவிட வேண்டும். அடுத்தது ஆணி. தலை முறிந்து உள்ளே தங்கிய பழைய ஆணி ஒன்று போதும், அறுப்பு மில்லின் ரம்பப் பல்லைக் கெடுக்க. மில்காரர்கள் பழைய மரம் என்றாலே முகம் சுளிப்பது அதனால்தான். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டி, சட்டத்தின் நான்கு முகங்களிலும் மெல்ல நகர்த்தினால், ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் திரும்பி ஒட்டப் பார்க்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டமிட்டு, உளியால் சுற்றிலும் கொத்தி, குறடால் பிடித்து இழுத்துவிடலாம்.

இனி மூட்டு. தொட்டி ஸ்டாண்டில் நான் விடாப்பிடியாக நிற்கும் விதி இது ஒன்றுதான்: மரம் மரத்தின்மேல் உட்கார வேண்டும், திருகாணி அதை நகராமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. மேல்சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து நான்கு திருகாணி முடுக்கினால் அது பார்வைக்கு உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 325 கிலோ முழுவதையும் திருகாணிகளே குறுக்குவாட்டில் சுமக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அந்தச் சுமையில் துளைகள் மெல்ல நீள்வட்டமாகும். தண்ணீர்ப்பட்டுத் திருகாணி துருப்பிடித்தால் ஒருநாள் நறுக்கென்று முறியும். ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணிகள் இந்த வேலைக்குக் கொஞ்சமும் ஆகாதவை. அவை கடினமானவை, ஆனால் வளையத் தெரியாதவை. குறுக்குச் சுமை கூடினால் எச்சரிக்கை இல்லாமல் தலை தெறிக்கும்.

ஆகவே 4×3 அங்குல நிலைக்காலின் மேல்முனையில், வெளிப்பக்கமாக 2 அங்குல ஆழத்துக்கும் 4 அங்குல உயரத்துக்கும் ஒரு படி வெட்டினேன். 4×2 மேல்சட்டம் அந்தப் படியில் அப்படியே அமர்ந்துகொள்ளும். எடை சட்டத்திலிருந்து படிக்கும், படியிலிருந்து நேராகக் காலுக்கும், காலிலிருந்து தரைக்கும் இறங்குகிறது. வழியில் எங்கும் ஆணியின் தயவு தேவையில்லை. அமரும் பரப்பு ஒவ்வொரு மூலையிலும் 3×2 அங்குலம். அதில் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல்தான். தச்சர்கள் இதையே கழுந்து வைத்து, துளையில் இறக்கி, இன்னும் அழகாகச் செய்வார்கள். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்குப் படிவெட்டே போதுமானது. இரண்டு ரம்ப வெட்டும் கொஞ்சம் உளி வேலையும் போதும். படியின் அடிமுகம் மட்டும் மூலைமட்டத்துக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே ஒரு நூல் அளவு மேடு இருந்தாலும் எடை முழுவதும் அந்த மேட்டின்மேல்தான் நிற்கும். தேக்கில் எண்ணெய் இருப்பதால், பசை தடவுவதற்கு முன்னால் மூட்டு முகங்களை தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, தண்ணீர் தாங்கும் மரைன் வகை ஃபெவிகால் போட்டேன். துரு ஏறாத ஸ்டெயின்லெஸ் திருகாணிகளை, முதலில் துளையிட்டு, மெழுகில் தேய்த்து முடுக்கினேன்; காய்ந்த தேக்கில் துளையிடாமல் முடுக்கினால் திருகாணி முறியும் அல்லது மரம் பிளக்கும்.

மேல்சட்டத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் கட்டுமானத்தின் பாதி அதில் அடங்கியிருக்கிறது. 4×2 சட்டத்தை 4 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்குமாறு வைத்தால், தொட்டியின் பாதி எடையைச் சுமக்கும்போது நடுவில் ஏற்படும் தொய்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே சட்டத்தைப் படுக்கவைத்தால் தொய்வு நான்கு மடங்காகி 3 மில்லிமீட்டரைத் தாண்டும். மரம் அதே மரம், செலவும் அதே செலவு. மேலும், மரம் நீண்ட காலம் தொடர்ந்து சுமக்கும்போது முதல் நாள் வளைந்ததோடு நிற்பதில்லை. ஆண்டுகள் போகப்போக அந்தத் தொய்வு கிட்டத்தட்ட இரட்டிப்பாகவும் கூடும். நீளம் கூடினால் நிலைமை இன்னும் மோசம்: அடிக்கு இவ்வளவு என்ற அதே சுமையில், 4 அடிக்குப் பதில் 6 அடி இடைவெளி என்றால் தொய்வு ஐந்து மடங்கு. ஆறடித் தொட்டி வைக்கிறவர்கள் நடுவில் இன்னொரு ஜோடிக் கால் வைப்பதற்கு இதுவே காரணம். என்னுடைய நாலடிக்கு நான்கு கால் போதும். மேல்சட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் சேர்த்தேன்.

செங்குத்துச் சுமையை இவ்வளவு எளிதாகச் சமாளித்துவிடும் மரச்சட்டகம், பக்கவாட்டுத் தள்ளலுக்கு மட்டும் பரிதாபமாகத் தோற்றுப்போகும். நான்கு கால்களும் மேலும் கீழும் சட்டங்களும் சேர்ந்த செவ்வகம், மூலைகள் கொஞ்சம் இளகினாலே சாய்சதுரமாகிவிடும். தொட்டி நிரம்பிய ஸ்டாண்டின் எடைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குழந்தை ஓடிவந்து சாய்ந்தாலும், கிரைண்டரை நகர்த்துகிறவர் இடித்தாலும் அந்த உயரத்தில்தான் அசைவு பெருகும். இதற்கு மருந்து முக்கோணம். அல்லது முக்கோணத்தின் வேலையைச் செய்யும் ஒரு தகடு. பின்பக்கம் முழுவதற்கும் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை வைத்து, ஓரமெங்கும் ஒரு சாண் இடைவெளியில் திருகாணி முடுக்கியவுடன், அதுவரை கையால் தள்ளினால் ஆடிக்கொண்டிருந்த சட்டகம் சட்டென்று விறைத்து நின்றதைக் கண்ணால் பார்க்கலாம். இரு பக்கங்களிலும் அதே ப்ளைவுட். முன்பக்கம் கதவுக்காகத் திறந்திருந்தாலும் கவலையில்லை. ப்ளைவுட் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் வகையாக இருக்கட்டும். ஐஎஸ் 303 வகையும் ஓரளவு தாங்கும். எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் திருகாணித் துளை வழியாகத் தண்ணீர் குடித்துவிடும்.

பின்பலகையை முடுக்குவதற்கு முன்னால் சட்டகத்தின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் மூலைகள் மட்டத்தில் இருக்கின்றன. இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் முனையில் கொட்டாப்புளியால் தட்டிச் சரிசெய்யலாம். பலகை ஏறிய பிறகு எதையும் சரிசெய்ய முடியாது.

இதைவிட முக்கியமானது மேல்முகத்தின் முறுக்கு. நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் 2 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் ரசமட்டத்தில் அது சட்டென்று தெரியாது. ஆனால் தொட்டியின் அடிக்கண்ணாடி அதை உணரும். கண்ணாடிக்கு வளையத் தெரியாது, சிலிக்கான் ஒட்டும் ஓரளவுக்குமேல் இழுபடாது. முறுக்கைக் கண்டுபிடிக்க இரண்டு நூல் போதும். எதிரெதிர் மூலைகளில் சிறு ஆணி அடித்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு நூலும், மற்ற இரண்டு மூலைகளுக்கிடையே இன்னொரு நூலும் விறைப்பாகக் கட்ட வேண்டும். நடுவில் இரு நூல்களும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடந்தால் மேல்முகம் சமதளம். மேலே போகும் நூல் விலகி நின்றால், அந்த இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு உயரம், அந்த நூலின் இரு மூலைகளில் ஏதோ ஒன்றில் கூடுதலாக இருக்கிறது. இரு நூல்களையும் மேல்கீழாக மாற்றிக் கட்டி இன்னொரு முறை பார்ப்பது நல்லது. சில நேரம் கீழ்நூல் மேல்நூலைத் தூக்கிக்கொண்டே நின்று நம்மை ஏமாற்றும். மேடான மூலையை இழைப்புளியால் மெல்லிய சுருளாக இழைத்து, நூலைத் திரும்பக் கட்டிப் பார்த்து, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

மேலே 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், அதன்மேல் அரை அங்குலத் தெர்மாகோல். தெர்மாகோல் வைப்பது கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அது கண்ணாடியில் ஒரே புள்ளியில் அழுத்தாமல் தன்னுள் புதைத்துக்கொள்வதற்காக. ஸ்டாண்டின் முறுக்கை அது சரிசெய்துவிடும் என்று நம்புவது தவறு. அடியில் பிளாஸ்டிக் விளிம்பு பொருத்திய தொட்டிகளுக்குத் தெர்மாகோல் கூடாது. அவற்றின் அடிக்கண்ணாடி தூக்கலாக, விளிம்பில் மட்டுமே நிற்பதற்காகச் செய்யப்பட்டது. தெர்மாகோல் உள்ளே புடைத்து அதை மேல்நோக்கி அழுத்தும்.

தண்ணீருக்கு எதிரான பாதுகாப்பில் எல்லோரும் வெளிமுகத்துக்குப் பளபளப்பாகப் பாலிஷ் போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாத காலின் அடிமுனையை விட்டுவிடுகிறார்கள். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வெட்டுமுகத்தின் வழியாகத்தான். இழைகள் அங்கே திறந்துகிடக்கின்றன. வீடு துடைக்கும் தண்ணீர் தினமும் படும் இடமும் அதுவே. கால்களைத் தலைகீழாக நிறுத்தி, அடிமுனைகளில் பாலியூரித்தேனை அது உறிஞ்சுவதை நிறுத்தும் வரை தடவினேன். பிறகு ஒவ்வொரு காலுக்கும் கீழே கால் அங்குல ரப்பர் துண்டு. உள்பக்கம், பலகை ஓரங்கள், துளைகள் எல்லாவற்றுக்கும் அதே பூச்சு. வாசனை முழுதாகப் போகும் வரை, அதாவது பூச்சு நன்றாக இறுகும் வரை, மீன் இருக்கும் அறைக்கு ஸ்டாண்டைக் கொண்டுவரக் கூடாது.

தொட்டியை ஏற்றுவதற்கு முன்னால் வீட்டிலுள்ளவர்களை ஏற்றிப் பார்த்தோம். நான், என் தம்பி, மைத்துனர், மாடிவீட்டுப் பையன்கள் இருவர் என்று ஐவரும் அந்த நாலடிப் பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து இடமும் வலமும் ஆடினோம். கிறீச் என்று ஒரு சத்தம்கூட வரவில்லை. “விழுந்தா இடுப்பு போயிடும்டா” என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இடத்தில் வைத்த பிறகு நான்கு கால்களுக்கும் மட்டம் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் தரை பெரும்பாலும் ஏதேனும் ஒரு மூலைக்குத் தண்ணீர் ஓடுமாறு சரிந்திருக்கும். தாழ்ந்த காலுக்கு அடியில் மைக்காத் துண்டுகளைக் காலின் முழு அளவுக்கு வெட்டிச் செருகலாம். அட்டை, மடித்த காகிதம், ஆப்பாகச் சீவிய குச்சி போன்றவை நசுங்கிவிடும். பிறகு கால்வாசி தண்ணீர் நிரப்பி நிறுத்தி, நீர்க்கோடு கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் அடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளவுகோலால் பார்க்க வேண்டும். தண்ணீரைவிட நம்பகமான ரசமட்டம் கிடையாது. பாதியில் ஒருமுறை, முழுதும் நிரப்பி ஒரு நாள் கழித்து ஒருமுறை இதையே செய்ய வேண்டும். வேறுபாடு தெரிந்தால் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் மைக்கா செருக வேண்டும். நிரம்பிய தொட்டியைக் கடப்பாரையால் நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நெஞ்சுரம் அதிகம்.

கதவு, கைப்பிடி, கீல் எல்லாம் அவரவர் விருப்பம். உள்ளே வடிகட்டி வைப்பதாக இருந்தால், அதன் உயரத்துக்குமேல் குழாய் மடங்காமல் வளைந்து வர இன்னும் ஐந்தாறு அங்குலம் விட்டு, பின்பலகையில் குழாய்க்கான துளையை அதற்கேற்பப் போட வேண்டும். மின்பெட்டியைத் தரையில் போடாமல் பக்கவாட்டுப் பலகையில் உயரமாகத் திருகிவிட்டு, ஒவ்வொரு ஒயரும் பெட்டிக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகுமாறு விட வேண்டும். ஒயர் வழியாக வழிந்துவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த இணைப்பு கசிவுமின்சாரம் கண்டதும் துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாக வருவது மிக அவசியம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டுகளில் பசை போடாமல் நட்டு போல்ட்டால் இறுக்கினால், படிவெட்டு எடையைச் சுமக்கிறது என்பதால் வலிமையில் பெரிய குறை வராது. வீடு மாற்றும்போது பின்பலகையையும் பக்கப் பலகைகளையும் கழற்றிச் சட்டங்களாகக் கட்டி எடுத்துப்போகலாம். போல்ட்டுகளை மட்டும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை ஸ்பேனரால் இறுக்கிப் பார்க்க வேண்டும்; ஈரத்தில் உப்பிய மரம் காய்ந்து சுருங்கும்போது நட்டு அரைச்சுற்று இளகியிருக்கும்.